வல்லமையை நினைவுகூருகிறோம், ஆனாலும் விசுவாசம் பலப்படவில்லை: வீட்டு ஜெபக்குழுவுக்கு வழி சொல்லுங்கள்

செந்தூல்_ஜெபவீடு
எல்லாருக்கும் ஸ்தோத்திரம். கோலாலம்பூர் செந்தூலில் புதன்கிழமை இரவு 8.30க்குக் கூடும் வீட்டு ஜெபக்குழுவுக்காகக் கேட்கிறேன். 12 பேர் வருகிறார்கள், பாதிப் பேர் வேலை முடிந்து நேரே வருகிறவர்கள். பாட்டு, வேதபாடம், ஜெபம் எல்லாம் சேர்த்து ஒன்றரை மணி நேரம். அதில் 15 நிமிடத்தை தேவனுடைய வல்லமையை நினைவுகூருவதற்கென்று ஒதுக்க ஆசை.

இப்போது அந்த நேரத்தில் நடப்பது சாட்சி. எப்போதும் அதே மூன்று பேர் பேசுகிறார்கள், மற்றவர்கள் ஆமென் சொல்கிறார்கள். பேச்சும் "கர்த்தர் பெரியவர், இம்மட்டும் நடத்தினார்" என்பதோடு முடிந்துவிடுகிறது. குழுவில் ஒருவருக்கு வேலை போன வாரத்தில் அந்தப் பேச்சு யாரையும் தாங்கவில்லை. எப்படி நடத்தினால் தாங்கும்? நடைமுறையாகச் சொல்லுங்கள்.

ஓய்வுநாள்பள்ளி_டீச்சர்
பிரதர், கோளாறு எங்கே என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். "கர்த்தர் பெரியவர்" என்பது முடிவு. வேதம் முடிவை மட்டும் கையில் கொடுத்து அனுப்புவதில்லை, நடந்ததைச் சொல்கிறது.

சங்கீதம் 77ஐத் திறந்து வையுங்கள். மொத்தம் 20 வசனம். முதல் 9 வசனம் புலம்பல். 7 முதல் 9க்குள் ஆறு கேள்விகள் அடுக்கடுக்காக வருகின்றன. ஆண்டவர் நித்தியகாலமாய்த் தள்ளிவிடுவாரோ என்று ஆரம்பித்து, தேவன் இரக்கஞ்செய்ய மறந்தாரோ என்று கேட்கிற அளவுக்குப் போகிறது. 10இல் திரும்புகிறது. 11இல் "கர்த்தருடைய செயல்களை நினைவுகூருவேன்" என்கிறார் சங்கீதக்காரர் ஆசாப். செயல்களை. அப்புறம் அவர் எடுப்பது ஒரே ஒரு செயல்தான், செங்கடல். தண்ணீர் தேவனைக் கண்டு தத்தளிக்கிறது, மேகம் பொழிகிறது, மின்னல் வெட்டுகிறது, பூமி அதிர்கிறது. தலைமுறைகளுக்கு முன் நடந்ததைக் கரையில் நின்று பார்த்தவர் மாதிரி சொல்கிறார்.

19ஆம் வசனத்தைத் தவறவிடாதீர்கள்: "உமது காலடிகள் தெரியப்படாமற்போயிற்று." கடலுக்குள் வழி இருந்தது, ஆனால் சுவடு கிடைக்கவில்லை. 20இல் ஆட்டுமந்தையைப்போல நடத்தினீர் என்று சொன்னதும் சங்கீதம் நின்றுபோகிறது. கேட்ட ஆறு கேள்வியில் ஒன்றுக்கும் நேர்ப்பதில் இல்லை. வேலை போன அந்தச் சகோதரருக்கு இந்தச் சங்கீதம் ஏற்றது, ஏனென்றால் இது அவரை அவசரப்படுத்தாது.

உங்கள் 15 நிமிடத்துக்கு நான் சொல்வது: வாரத்துக்கு ஒரே ஒரு சம்பவம். ஒருவர் சத்தமாக, நிதானமாக வாசிக்க 4 நிமிடம். 12 வசனத்துக்கு மேல் எடுக்காதீர்கள். அடுத்த 5 நிமிடம் கண்ணால் காண்கிற கேள்விகள் மட்டும்: யார் இருந்தார்கள், எத்தனை பேர், என்ன நேரம், மனுஷ கணக்கில் எது முடியாமல் நின்றது? பிறகு 2 நிமிடம், இங்கே தேவன் எப்படிப்பட்டவராகத் தெரிகிறார் என்று ஆளுக்கு ஒரு வாக்கியம். மிச்சம் 4 நிமிடம், "ஆண்டவரே, நீர் இதைச் செய்தவர்" என்று அந்தச் சம்பவத்தின் வார்த்தைகளாலேயே ஜெபம்.

பெரும்பாலும் சறுக்குவது இரண்டாவது கட்டத்தில். வாசித்து முடித்த உடனே யாராவது "இதில் நமக்கு என்ன பாடம்?" என்று கேட்பார். அன்போடு தள்ளிப்போடுங்கள். கடல் இன்னும் பிளக்கவே இல்லை, அதற்குள் பாடத்துக்கு ஓடினால் கையில் மிஞ்சுவது பழைய "கர்த்தர் பெரியவர்"தான்.

பாயான்லெப்பாஸ்_நைட்ஷிஃப்ட்
அக்கா, குழுவுக்கு இது சரி. 12 மணி நேர ஷிஃப்டில் இருக்கிறவர்கள் தனியாக என்ன செய்வது? புதன் கூட்டத்துக்கே இரண்டு வாரத்துக்கு ஒருமுறைதான் வர முடியும். நடு இரவில் 20 நிமிட இடைவேளை கிடைக்கும், அதில் சாப்பிடவும் வேண்டும்.

ஓய்வுநாள்பள்ளி_டீச்சர்
தம்பி, மாற்கு 8:14 முதல் 21 வரை. எட்டே வசனம், வாசிக்க இரண்டு நிமிடம் போதும். சீஷர்கள் படகில் போகிறார்கள், கையில் ஒரே ஒரு அப்பம். அதைப் பற்றித் தங்களுக்குள் பேசிக்கொள்கிறார்கள். இயேசு நீண்ட பிரசங்கம் பண்ணவில்லை, கணக்குக் கேட்கிறார். ஐந்து அப்பத்தை 5,000 பேருக்குப் பங்கிட்டபோது எத்தனை கூடை எடுத்தீர்கள்? பன்னிரண்டு. ஏழு அப்பத்தை 4,000 பேருக்கு? ஏழு. எண்ணிக்கை அவர்களுக்குச் சரியாக ஞாபகம் இருந்தது, பதில் தவறவில்லை. ஆனால் அந்த எண்ணிக்கை கையிலிருந்த ஒற்றை அப்பத்தோடு சேரவில்லை. நினைவுகூருதல் என்று வேதம் சொல்வது அந்தச் சேர்ப்பைத்தான்.

தமிழில் இரண்டு இடத்திலும் கூடை என்றே இருக்கிறது. கிரேக்கத்தில் வார்த்தை வேறு வேறு. ஏழு கூடைக்கு வருகிற வார்த்தைதான் அப்போஸ்தலர் 9:25இல் பவுலை மதில் வழியாய் இறக்கிவிட்ட கூடைக்கும் வருகிறது. ஆள் உட்காருகிற கூடை! சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போது இந்த இரண்டு எண்ணையும் சொல்லிவிட்டு, அன்றைய பயம் என்னவோ அதைப் பெயர் சொல்லி ஆண்டவரிடம் சொல்லுங்கள். ஒரு மாதம் இதே பகுதி போதும். தினம் ஒரு புதுப் பகுதி தேடினால் தூக்கக் கலக்கத்தில் எதுவும் தங்காது.

ஜெலுத்தோங்_பென்சில்
எழுதி வைப்பதைப் பற்றி யாரும் சொல்லவில்லை. யாத்திராகமம் 17:14இல் அமலேக்கோடு யுத்தம் முடிந்த கையோடு, நினைவுகூரும்பொருட்டு இதைப் புஸ்தகத்தில் எழுது என்று கர்த்தர் மோசேயிடம் சொல்கிறார்.

கெட்டி அட்டை நோட்டு ஒன்று வாங்குங்கள். விரித்து வைத்தால் இரண்டு பக்கம். இடது பக்கம் வேதத்தில் அந்த வாரம் பார்த்த சம்பவம், மூன்று வரிக்குள். வலது பக்கம் நம்முடைய காரியம். கேட்ட தேதி, கேட்டது என்ன, எதற்குள் வேண்டும். "பண உதவி" என்று எழுதாதீர்கள். "வாடகை 900 வெள்ளி, 5ஆம் தேதிக்குள்" என்று எழுதுங்கள். கீழே நாலு வரி காலியாக விடுங்கள். நடந்த பிறகு, நடந்த தேதி, யார் மூலமாக, எவ்வளவு, கேட்டதற்கும் கிடைத்ததற்கும் என்ன வித்தியாசம் என்று அங்கே வரட்டும்.

முக்கியமானது, கேட்கிற அன்றைக்கே எழுத வேண்டும். பதில் கிடைத்த பிறகு எழுதலாம் என்று விட்டால் மனசு கதையை மாற்றிவிடும். "அது எப்படியும் நடந்திருக்கும்" என்று தோன்றும். முன்கூட்டியே தேதி போட்ட பக்கம் அந்தச் சாக்குக்கு இடம் கொடுக்காது. சங்கீதம் 106:13 சொல்வது இதைத்தான்: சீக்கிரமாய் அவருடைய கிரியைகளை மறந்தார்கள். முந்தின வசனத்தில் துதிபாடினவர்கள் அவர்கள்.

கைப்பேசியில் எழுதினால் தேடி எடுக்க மாட்டோம், வாட்ஸ்அப் குழுவில் போட்டால் காலை வணக்கப் படங்களுக்கு அடியில் போய்விடும். நம் ஊர் ஈரத்துக்கு ஜெல் பேனா வேண்டாம், மை ஊறிப் பரவும். சாதாரண பால்பாயிண்ட் எடுங்கள். சுவரை ஒட்டிய அலமாரியின் கீழ்த்தட்டில் நோட்டை வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும்.

எபெனேசர்_கெப்போங்
டீச்சர் சொன்னதில் எனக்கு ஒரு வருத்தம். சொந்தச் சாட்சியைப் பின்னுக்குத் தள்ளுகிறீர்கள். தாவீது கோலியாத்துக்கு முன் நின்றபோது செங்கடலைப் பற்றிப் பேசவில்லை. சிங்கத்தின் கைக்கும் கரடியின் கைக்கும் தப்புவித்த கர்த்தர் என்று தன் சொந்த அனுபவத்தைத்தான் சொன்னான் (1 சாமுவேல் 17:37). வெளிப்படுத்தின விசேஷம் 12:11இலும் சாட்சியின் வசனத்தினால் ஜெயித்தார்கள் என்று இருக்கிறதே.

உபதேசியார்_ஓய்வில்
தம்பி சொல்வது நியாயம். சிங்கமும் கரடியும் தாவீதுக்குத் தேவைப்பட்டது. ஆனால் 12:11ஐ முழுசாக வாசியுங்கள். முதலில் ஆட்டுக்குட்டியின் இரத்தம், அதற்குப் பிறகு சாட்சியின் வசனம். அந்தச் சாட்சிக்காரர்கள் மரணத்துக்குத் தப்பும்படி தங்கள் ஜீவனையும் பாராதவர்கள். பிழைத்து வந்து சொன்ன சாட்சி அல்ல அது.

வல்லமையை எதனால் அளப்பது என்பதுதான் இங்கே கேள்வி. பழைய ஏற்பாடு திரும்பத் திரும்ப எகிப்திலிருந்து புறப்பட்டதைக் காட்டுகிறது. புதிய ஏற்பாட்டில் எபேசியர் 1:19, 20 இயேசுவை மரித்தோரிலிருந்து எழுப்பின வல்லமையைக் காட்டுகிறது. என் வீட்டில் நடந்தது அந்தப் பெரிய அளவுக்குள் அடங்குகிற சின்ன அளவு. திருப்பிப்போட்டு, என் அனுபவத்தையே அளவாக வைத்தால், பதில் வராத ஒரு வருஷம் வந்ததும் தேவனே சின்னவராகிவிடுவார்.

உங்கள் பெயரிலேயே ஒரு பாடம் இருக்கிறது, தம்பி. எபெனேசர் என்றால் எல்லாருக்கும் ஞாபகம் வருவது 1 சாமுவேல் 7:12, "இம்மட்டும் கர்த்தர் எங்களுக்கு உதவிசெய்தார்". அதே பெயர் அதற்கு முன்னால் 4ஆம் அதிகாரத்தில் வருகிறது. எபெனேசருக்குச் சமீபத்தில் பாளயமிறங்கித்தான் இஸ்ரவேல் தோற்றது. முதலில் ஏறக்குறைய 4,000 பேர், அடுத்து 30,000 பேர் விழுந்தார்கள், கர்த்தருடைய உடன்படிக்கைப் பெட்டியும் பிடிபட்டது. தோல்வியின் பெயரையே சாமுவேல் உதவியின் கல்லுக்கு வைத்தார். இரண்டும் ஒரே இடமா என்று வேத அறிஞர்கள் பேசட்டும், கேட்ட ஜனங்களுக்கு அந்தப் பெயர் எங்கே குத்தியிருக்கும் என்று யோசியுங்கள். நினைவுகூரும்போது தோல்வியை அழித்துவிட்டு எழுதக்கூடாது.

இன்னொன்று, கில்கால், யோர்தானிலிருந்து எடுத்த 12 கல்லை இஸ்ரவேல் நாட்டின இடம். யோசுவா 4:19இன்படி யோர்தானைக் கடந்தது முதல் மாதம் 10ஆம் தேதி. எகிப்தில் பஸ்கா ஆட்டுக்குட்டியைத் தெரிந்தெடுக்கச் சொன்ன அதே தேதி (யாத்திராகமம் 12:3). 14ஆம் தேதி பஸ்கா. அதற்கு மறுநாள் தேசத்தின் தானியத்தைப் புசித்தார்கள், அதற்கு அடுத்த நாள் மன்னா நின்றுபோயிற்று (யோசுவா 5:10 முதல் 12). நாற்பது வருஷம், ஓய்வுநாள் தவிர தினமும் காலையில், தரையில் கிடந்த அற்புத உணவு அன்றோடு முடிந்தது. 12 கல் நின்ற வாரமும் மன்னா நின்ற வாரமும் ஒன்றே! கண்ணுக்குத் தெரிகிற ஆதாரம் நிற்கப்போகிற சமயத்தில் கல்லை நாட்டச் சொன்னார். வேலை போனவருக்கு, சம்பளம் மன்னா மாதிரி நின்றுபோனவருக்கு, நான் இந்தப் பகுதியைத்தான் எடுப்பேன்.

கடல்காற்று_புலாவ்_தீக்கூஸ்
கத்தோலிக்கத் தரப்பிலிருந்து ஒரு வார்த்தை. "என் நினைவாகச் செய்யுங்கள்" என்று ஆண்டவர் சொன்னதைத் திருப்பலியில் வெறும் ஞாபகமாக நாங்கள் எடுத்துக்கொள்வதில்லை. நடந்த மீட்பின் முன்னால் இன்று நாம் நிற்கிறோம் என்பது பொருள். பாஸ்கா திருவிழிப்பில், அதாவது உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்தின இரவு வழிபாட்டில், பழைய ஏற்பாட்டிலிருந்து ஏழு வாசகங்கள் உண்டு. நேரம் கருதிச் சிலவற்றைக் குறைக்கலாம். விடுதலைப் பயணம் 14 (உங்கள் வேதத்தில் யாத்திராகமம்), கடலைக் கடந்த வாசகத்தை மட்டும் ஒருபோதும் விடக்கூடாது என்பது ஒழுங்கு. டீச்சர் காட்டிய ஆசாப்பின் பாடலுக்கும் இதற்கும் நடுவே இருப்பது அதே கடல்.

நடைமுறைக்கு ஒன்று. ஜூலை 26 புனித அன்னம்மாள் திருவிழாவுக்குப் புக்கிட் மெர்தாஜாம் போகிறவர்கள் கேட்பதற்கென்று போகிறார்கள். போன வருடம் கேட்டது கிடைத்திருந்தால், இந்த வருடம் வேறு எதையும் கேட்காமல் நன்றிக்கென்றே ஒரு தடவை போய் வாருங்கள். இயேசு குணமாக்கிய தொழுநோயாளர் பத்துப் பேரில் திரும்பி வந்தவர் ஒருவர்தான்.

பெரியாஸ்பத்திரி_சந்திப்பு
இங்கே எல்லாரும் நடந்ததைப் பற்றியே எழுதுகிறீர்கள். நடக்காததை என்ன செய்வது? நோயாளியின் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, இதே வியாதி இன்னொருவருக்குச் சுகமானது என்று சாட்சி சொல்லும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. படுத்திருப்பவர் அதைக் கேட்பது வேறு மாதிரி: அவருக்குச் செய்தார், எனக்கு ஏன் செய்யவில்லை? நினைவுகூருதல் அங்கே விசுவாசத்தை வளர்ப்பதில்லை, குற்றவுணர்வைத்தான் வளர்க்கிறது.

கிதியோன் கேட்டது இதுதான். எங்கள் பிதாக்கள் விவரித்துச் சொன்ன அற்புதங்களெல்லாம் எங்கே? (நியாயாதிபதிகள் 6:13) கர்த்தர் அதற்காக அவனைக் கடிந்துகொள்ளவில்லை.

வார்டில் என்ன செய்யலாம் என்றால், ஆறு வசனத்துக்கு மேல் வாசிக்காதீர்கள். மற்றவர்களின் சுகத்தைச் சொல்லாதீர்கள். "விசுவாசம் இருந்தால்" என்று ஆரம்பிக்கிற எந்த வாக்கியத்தையும் வாயில் எடுக்காதீர்கள். மாற்கு 9:24, அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும் என்று கண்ணீரோடு சொன்ன தகப்பனின் ஜெபம், அதைக் கூடச் சேர்ந்து சொல்லலாம். பத்து நிமிடத்தில் கிளம்பிவிடுங்கள்.

உபதேசியார்_ஓய்வில்
அம்மா, இதை எழுதினதற்கு நன்றி. எபிரெயர் 11ஐப் பாதியில் நிறுத்துகிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. 34இல் பட்டயக்கருக்குக்குத் தப்பினவர்கள், 37இல் பட்டயத்தினாலே வெட்டப்பட்டவர்கள். இரண்டு கூட்டத்தாரும் விசுவாசத்தினாலே நற்சாட்சி பெற்றவர்கள் என்று 39 சொல்கிறது. ஒரு கூட்டத்தாரை மட்டும் நினைவுகூர்ந்தால் அது வேதத்தின் நினைவல்ல.

ஜெலுத்தோங் தம்பிக்கும் இதோடு சொல்லிவிடுகிறேன். நோட்டு நல்லது. ஆனால் எண்ணாகமம் 21இல் ஜனங்கள் பிழைக்கும்படி தேவன் சொல்லிச் செய்த வெண்கலச் சர்ப்பத்துக்கு, பிற்காலத்தில் தூபங்காட்டினார்கள். எசேக்கியா அதை உடைத்துப்போட்டு நிகுஸ்தான், அதாவது வெண்கலத் துண்டு, என்று பேரிட்டான் (2 இராஜாக்கள் 18:4). "அன்றைக்கு இப்படி உபவாசம் இருந்தேன், அதனால் கிடைத்தது" என்று முறையைப் பற்றிக்கொள்ள ஆரம்பித்தால், நோட்டும் அந்த நிலைக்கு வந்துவிடும்.

ஜெலுத்தோங்_பென்சில்
ஏற்றுக்கொள்கிறேன் ஐயா. அதனால்தான் காலியான நாலு வரி. பதில் "இல்லை" என்றாலும் தேதி போட்டு "இல்லை" என்று எழுத வேண்டும். எதுவும் தெரியவில்லை என்றால் காலியாகவே கிடக்கட்டும், தானாக ஒரு விளக்கத்தை இட்டு நிரப்பக்கூடாது. பவுல் தன் மாம்சத்திலிருந்த முள் நீங்கும்படி மூன்று தரம் வேண்டிக்கொண்டதும் அது நீங்காததும் 2 கொரிந்தியர் 12இல் பதிவாகி இருக்கிறதே.

நாலாம்_வகுப்பு_அம்மா
பிள்ளைகளுக்கு எப்படி? மலாய் வழி தேசியப் பள்ளியில் படிக்கிறார்கள், தமிழ் பேசுவார்கள், வாசிக்க வராது. வேதத்தமிழ் இன்னும் தூரம்.

ஓய்வுநாள்பள்ளி_டீச்சர்
வாசிக்கச் சொல்லி ஆரம்பிக்காதீர்கள், தூக்கச் சொல்லுங்கள். யோசுவா 4க்கு எல்லா இடத்திலும் கூழாங்கல்லைக் கையில் கொடுக்கிறார்கள். அது தப்பான படத்தைப் பதிக்கிறது. கோத்திரத்துக்கு ஒருவனாக 12 பேர் ஆளுக்கொரு கல்லைத் தோளின்மேல் வைத்துச் சுமந்தார்கள் என்று 5ஆம் வசனம் சொல்கிறது. 5 கிலோ அரிசிப் பையை ஒரு பழைய துண்டில் சுற்றிக் கட்டுங்கள். பிள்ளையின் தோளில் வைத்து, நீங்கள் ஒரு கை கொடுத்து, சமையலறையிலிருந்து வாசல்வரை மெதுவாக நடக்கவிடுங்கள். வாசலில் இறக்கி வைத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் இருங்கள். "எதுக்கும்மா இது?" என்று கேட்கும். அந்தக் கேள்விக்காகத்தான் கல்லே. இந்தக் கற்கள் ஏதென்று உங்கள் பிள்ளைகள் கேட்டால் என்று 6லும் 21லும் இரண்டு தடவை வருகிறது.

அப்போது கதையை உங்கள் வீட்டுத் தமிழில் சொல்லுங்கள். ஆறு கரைபுரண்டு ஓடுகிற அறுப்புக்காலம், ஆசாரியர்களின் கால் தண்ணீரின் ஓரத்தில் பட்ட பிறகுதான் மேலிருந்து வந்த தண்ணீர் நின்றது. கடைசியில் ஒரே ஒரு வாக்கியத்தை மட்டும் வேதத்தமிழில் சொல்ல வையுங்கள்: "கர்த்தருடைய கரம் பலத்தது." மூன்று வார்த்தை, நாக்குப் பழகிவிடும். சங்கீதம் 136உம் எழுத்துத் தெரியாத பிள்ளைக்கு நல்லது. 26 வசனம், நீங்கள் முதல் பாதியைச் சொல்ல, பிள்ளை 26 தடவையும் "அவர் கிருபை என்றுமுள்ளது" என்று சொன்னால் போதும்.

செந்தூல்_ஜெபவீடு
எல்லாருக்கும் நன்றி. எட்டு வாரத்துக்கு ஒரு வரிசை போட்டிருக்கிறேன். யாத்திராகமம் 14, யோசுவா 4, யோசுவா 5, 1 சாமுவேல் 7, சங்கீதம் 77, மாற்கு 8, அப்போஸ்தலர் 12, லூக்கா 22. சாட்சி நேரத்தைத் தனியாக மாதக் கடைசி புதனுக்கு மாற்றுகிறேன், ஆளுக்கு 2 நிமிடம், நோட்டைப் பார்த்து. ஏதாவது தப்பு?

ஓய்வுநாள்பள்ளி_டீச்சர்
இரண்டு மாற்றம். சங்கீதம் 77ஐ முதல் வாரத்துக்குக் கொண்டுவாருங்கள். கேள்வியோடு வருகிறவர்களுக்கு, இங்கே கேள்வி கேட்கலாம் என்று முதல் நாளே தெரியட்டும். கடலை அடுத்த வாரம் பாருங்கள். லூக்கா 22ஐப் பரிசுத்த வாரத்துப் புதனில் வரும்படி பின்னாலிருந்து எண்ணித் தொடங்குங்கள். பெரிய வெள்ளி இங்கே தீபகற்ப மலேசியாவில் பொதுவிடுமுறை இல்லாததால் பலர் அன்றைக்கு அரைநாள் லீவு போட்டு அவசரமாக வருவார்கள். புதனன்றே மனசு ஆயத்தமாயிருந்தால் நல்லது.

பெரியாஸ்பத்திரி_சந்திப்பு
அப்போஸ்தலர் 12க்கு ஒன்று. பொதுவாக 5ஆம் வசனத்திலிருந்து வாசிப்பார்கள், பேதுரு சிறையிலிருக்கிறார், சபை ஊக்கத்தோடு ஜெபம்பண்ணுகிறது என்று. டீச்சரின் 12 வசன அளவு கொஞ்சம் மீறினாலும் பரவாயில்லை, 1 முதல் 16 வரை வாசியுங்கள். அதில் காண்பதற்கு நிறைய இருக்கிறது. நாலு நாலு பேராக நாலு கூட்டம், 16 சேவகர். இரண்டு சங்கிலி. புளிப்பில்லாத அப்பப் பண்டிகை நாட்கள், அதாவது எகிப்தின் விடுதலையை ஊரே நினைவுகூருகிற வாரம். வாசலில் பேதுரு தட்டும்போது, ஜெபம்பண்ணினவர்களே, அதை வந்து சொன்ன ரோதை என்ற பெண்ணிடம் நீ பிதற்றுகிறாய் என்கிறார்கள்.

ஆனால் 2ஆம் வசனத்தில் அப்போஸ்தலன் யாக்கோபு பட்டயத்தினால் கொல்லப்படுகிறார். ஒரே வரிதான். வாசிக்கிறவரிடம் முன்னாலேயே சொல்லி வையுங்கள்: அந்த வசனம் முடிந்ததும் ஒரு நிமிடம் நிறுத்த வேண்டும். யாரும் பாட்டு எடுக்க வேண்டாம். அப்புறம் 3ஆம் வசனம்.